பெரிய கிளாக்கர் வாசலுக்கு ஒரு கார்

ஜூன் 2, சனி

விடிந்ததிலிருந்து தூறல். ஹட்டன் பஜாரில் ஆள் நடமாட்டமே இல்லை. சலீம் நானாவின் இரும்புக்கடைக்குப் போனேன். பழைய கார் வாங்கி விற்பதும் அவருக்கு ஒரு வியாபாரம். என் கையிருப்பைக் கேட்டுவிட்டுத் தாடியைத் தடவினார். "இந்தக் காசுக்குக் கார் வரும் மாஸ்டர். கூடவே ரிப்பேர் பாக்குற கராஜ் பாஸும் ஒங்க வீட்டுக்கு வந்துருவான்" என்றார்.

கையிருப்பு என்பது சீட்டுக் காசு, பள்ளிக்கூடத்தில் வாங்கிய கடன், மனைவி லூர்துவின் வளையல்.

பார்க்கச் சொன்னது மூன்று: ஒரு ஒஸ்டின், ஒரு மொறிஸ் மைனர், டிக்கோயாவில் ஓய்வுபெற்ற தபால் மாஸ்டரின் ஃபோர்ட்.

லூ.வுக்கு இது ஏழாம் மாதம். அவள் கேட்பது ஒன்றுதான், பின் சீட்டில் காலை நீட்டிப் படுக்க முடியுமா என்று. நான் கேட்பது வேறு. தேயிலைத் தோட்டத்து ஏற்றத்தில் நிற்காமல் ஏறுமா? ஹோர்ன் நன்றாகக் கேட்குமா?

குடைக்கம்பி ஒடிந்துவிட்டது. திருத்தக் கொடுக்க வேண்டும்.

ஜூன் 5, செவ்வாய்

மழை. ஐந்தாம் வகுப்புக் கொப்பிகள் திருத்தியாயிற்று.

மாலையில் பேக்கரி வாசலில் பெ.கி. எங்கள் தோட்டத்து ஆபீசில் பெரிய கிளாக்கர். கையில் பாண். சுகமா மாஸ்டர் என்று கேட்டான். சுகம் ஐயா என்றேன். அந்த 'ஐயா'வுக்கு என் நாக்கை நானே அறுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்று வருசமாகிறது. விடுமுறைக்குத் தோட்டத்தில் அப்பாவின் லயத்து வீட்டுக்குப் போயிருந்தோம். மாதம் நிறையும் முன்பே லூ.வுக்கு வலி. பொகவந்தலாவை பஸ் போய்விட்டது. அப்பா தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, கார் கேட்டு இவன் வாசலில் மழையில் நின்றார். இவன் கார் செட்டில்தான் நின்றது. பெற்றோல் இல்லை என்றான். லூ.வைக் கொழுந்து லொறியில், சாக்கு மேல் படுக்கவைத்துக் கொண்டுபோனோம். டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே பிறந்துவிட்டது. பெண் பிள்ளை. அழவில்லை. மறுநாள் அதே கார் மெட்னி ஷோவுக்கு ஹட்டன் வந்தது.

கார் வாங்கிய மறுநாளே அவன் வாசலுக்குப் போவேன். ஹோர்ன் அடிப்பேன். வெளியே வருவான். என் டாங்க் நிறையப் பெற்றோல் இருக்கு, ஒங்களுக்கு வேணுமா என்று கேட்பேன். அவன் பெண்டாட்டி, பிள்ளைகள் எல்லாரும் கேட்கும்படி. பிறகு திரும்பி வந்துவிடுவேன். அவ்வளவுதான் எனக்கு வேண்டும்.

ஜூன் 9, சனி

மழை விட்டது, மூடுபனி விடவில்லை. லூ.வையும் கராஜ் பாஸையும் கூட்டிக்கொண்டு போனேன்.

ஒஸ்டின்: நேற்றே விற்றுப்போயிற்று.

ஃபோர்ட்: வெளிறிய பச்சை. நாலு கதவு. லூ. பின் சீட்டில் படுத்தே பார்த்தாள். எழும்ப மனமில்லை அவளுக்கு. தபால் மாஸ்டர் வீட்டம்மா தேத்தண்ணி தந்தார். ஹோர்ன்தான் ஆட்டுக்குட்டி மாதிரி.

மொறிஸ்: கறுப்பு. துடைத்தால் முகம் தெரிகிறது. ஹோர்ன் அடித்ததும் எதிர்க்கடை ஆள் எட்டிப் பார்த்தார். பாஸ் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு "கந்த நகினவா மாத்தயா" என்றார் சிங்களத்தில், மலை ஏறும் என்று. இரண்டே கதவு. முன் சீட்டை மடக்கித்தான் பின்னால் போக வேண்டும். லூ. குனிந்து, பாதி ஏறி, முடியாமல் இறங்கிவிட்டாள்.

மொறிஸ் விலை குறைவு என்றேன். கொஞ்சம்தான் குறைவு.

வீட்டு வாசலில் கேட்டாள்: "இது யாருக்கு வாங்குறீங்க? எனக்கா, அந்தாளுக்கா?"

அவளுக்கு மறந்துபோயிற்றா? எனக்கு மறக்காது.

ஜூன் 16, சனி

மொறிஸ் வந்துவிட்டது. சலீம் நானா டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். பங்குச் சாமி வந்து தீர்த்தம் தெளித்தார். இரண்டு பக்கமும் காவல் இருக்கட்டும்.

லூ. முன் சீட்டில் உட்கார்ந்து பஜாரை ஒரு சுற்று வந்தாள். நல்லாத்தான் இருக்கு என்றாள். எனக்குக் கோபம் வந்தது.

நாளைக்கு: டாங்க் நிறையப் பெற்றோல். கண்ணாடி துடைக்க. கோட்டு. அப்பாவுக்குச் சொல்லி அனுப்பவில்லை, நேரில் பார்க்கட்டும்.

ஜூன் 17, ஞாயிறு

பூசை முடிந்ததும் தனியாகப் புறப்பட்டேன். லூ. வரவில்லை, இடுப்பு வலியாம். மழை.

தோட்டத்து ரோட்டில் திரும்பியதும் ஹோர்ன். அரிசி வாங்கிக்கொண்டு வந்த பெண்கள் ரோட்டோர மழைத்தண்ணீர்க் கானுக்குள் இறங்கினார்கள். தலையில் போட்டிருந்த கம்பளியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து. தோட்டத்தில் கார் வந்தால் துரை. உள்ளே யார் என்று நிமிர்ந்து பார்க்கக் கூடாது. எல்லாரும் என்னைத் தூக்கி வளர்த்தவர்கள். ஒருவரும் பார்க்கவில்லை. முதலில் சுகமாகத்தான் இருந்தது.

ஏற்றம். இரண்டாம் கியர். நிற்கவே இல்லை.

பெ.கி.யின் கேட்டுக்கு எதிரில் ஒரு கிழவர், குடையை மடக்கிவிட்டு, கானுக்குள் முழங்கால் தண்ணீரில், நனைந்துகொண்டு. அப்பா. நான்தான் என்று தெரிவிக்க ஹோர்ன் அடித்தேன். இன்னும் குனிந்தார்.

ஹோர்ன் கேட்டு பெ.கி. வெளியே வந்தான். காரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், ரோட்டைப் பார்த்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"அட, நம்ம மாஸ்டர். சொந்தக் காருங்களா? ரொம்ப நல்லதுங்க. இவங்க எறங்கி நிக்கிறது மொத நாளு ஒரு மாதிரியா இருக்கும். பழகிரும். உள்ள வாங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

அந்த வீட்டுக்குள் எங்கள் ஆட்கள் யாரையும் கூப்பிட்டதில்லை. பெற்றோல் பேச்சு வாயில் வரவில்லை. சிரித்தேன். அந்த நாய்க்கு முன்னால் பல்லைக் காட்டிச் சிரித்தேன்.

மறுபக்கக் கண்ணாடியை இறக்கி அப்பா என்று கூப்பிட்டேன். நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். ஏறுங்கப்பா, வீட்டுக்குப் போவோம் என்றேன்.

"ஐயா கூப்புடுறாங்கள்ல. நீங்க உள்ள போங்க" என்றார்.

கானை விட்டு ஏறவில்லை.