மேகலாவுக்குக் கொடுத்த காய்ச்சல்

திருத்தணி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள விஜி அக்காவுக்கு,

கல்பனா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இந்த வரி வரைக்கும் நீ வந்திருந்தால் அதுவே எனக்குப் பெரிது. போனில் என்னை பிளாக் செய்துவிட்டாய். வேறு நம்பரிலிருந்து கூப்பிடலாம்தான், ஆனால் குரலைக் கேட்டதும் வைத்துவிடுவாய். அதனால் மஸ்கட்டுக்குத் தபால் போக எத்தனை நாளாகும் என்று விசாரித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அங்கே உனக்கு உடம்பு சுகமாக இருக்க வேண்டும். நீ வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிச் சாப்பாடு இப்போதாவது ஒத்துக்கொள்கிறதா?

முதலில் நல்ல சேதி. வெள்ளிக்கிழமை அம்மையார்குப்பத்தில் உங்கள் வீட்டுப் பூவாடைக்காரி பூஜை முடிந்தது. உன் கல்யாணத்துக்கு உத்தரவும் கிடைத்துவிட்டது. பள்ளிப்பட்டில் மாப்பிள்ளை சுதாகர் வீட்டுக்கு அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். பத்திரிகை அடிக்கிற வேலை எங்கள் டிடிபி கடைக்குத்தான் வந்திருக்கிறது. உன் பெயரை நானே டைப் செய்தேன்.

இதெல்லாம் உன் அம்மா, அம்சா அத்தை, உனக்குச் சொல்லியிருப்பார்கள். உன் தங்கச்சி யோகா போன பிறகு உங்கள் வீட்டில் நடக்கிற முதல் நல்ல காரியம் இது. கல்யாணமாகாமல் இறந்துபோன பெண்ணை அழைத்து, புதுப்புடவை வைத்து, யார் மேலாவது அவள் இறங்கி வந்து சரி என்று சொன்னால்தான் பந்தக்கால் நட முடியும். அவள் யார் மேல் வந்தாள் என்று கேட்டாயா? என் மேல்தான் வந்தாளாம்.

நான் எழுதிய புத்தகத்திலிருந்து தொடங்குகிறேன். "எந் தங்கச்சிய வித்துட்டியா" என்று அதைப் படித்துவிட்டு நீ அனுப்பிய ஒரு வரியை நான் இன்னும் அழிக்கவில்லை. 'நிழல்விடுதி' சீரியலைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் படிக்கிற நாவலாக எழுதித் தரச் சொல்லி, சென்னைப் பதிப்பகத்திலிருந்து அறுபது எபிசோடு வசனத்தைக் கட்டாக அனுப்பினார்கள். அதில் விடுதிப் பேய் மேகலாவுக்கு வெள்ளை உடுப்பும் கொலுசும்தான் உண்டு. ஒரு பழக்கம் கிடையாது, பிடித்த பண்டம் கிடையாது, எப்படிச் செத்தாள் என்பதுகூடக் கிடையாது. கொலை வேண்டாம், தற்கொலையும் வேண்டாம், ஆனால் பிள்ளைகள் அழ வேண்டும் என்றார் எடிட்டர். பதினைந்து நாள் கெடு கொடுத்திருந்தார்.

என்ன செய்வேன்? யோகாவை எடுத்துக் கொடுத்துவிட்டேன். பச்சரிசியை அள்ளி வாயில் போட்டுக்கொள்வது, பேசும்போது துப்பட்டா நுனியைக் கடிப்பது, அப்பாவை நைனா என்பது எல்லாம் மேகலாவுக்குப் போனது. ஒன்பதாம் அத்தியாயத்தில் காய்ச்சலையும் கொடுத்தேன். மூன்று நாள் காய்ச்சலை மறைத்துக்கொண்டு, வீட்டில் சொல்லாதே என்று சிநேகிதியிடம் அவள் சத்தியம் வாங்குகிறாள். சிநேகிதியும் வாயைத் திறக்கவில்லை.

அது கதையில்லை, அக்கா. அந்தச் சிநேகிதி நான்தான்.

கல்லூரியில் ஊட்டி டூர் போக உன் நைனா அப்போதுதான் சரி என்றிருந்தார். காய்ச்சல் என்று தெரிந்தால் அனுப்ப மாட்டார் என்று யோகா மாத்திரை போட்டுக்கொண்டு திரிந்தாள். என் கையைப் பிடித்து அவள் சத்தியம் கேட்டபோது அவள் கை கொதித்தது. உங்களுக்கெல்லாம் தெரிந்தது நாலாம் நாள். ஆறாம் நாள் அவள் இல்லை. முதல் நாளே நான் ஓடிவந்து சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாளா என்று நர்ஸான உன்னிடம்தான் கேட்க வேண்டும். இரண்டு வருஷமாகக் கேட்கப் பயந்தேன்.

அத்தை அந்த சீரியலை விடாமல் பார்க்கிறவர்கள். நான் எழுதினேன் என்பதற்காகவே புத்தகத்தை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறார்கள். ஒருநாள் மத்தியானம் கடைக்கு வந்து ஒன்பதாம் அத்தியாயத்தைப் பிரித்து வைத்தார்கள். "மூணு நாளு முன்னாடியே ஆரம்பிச்சிருக்கும்னு டாக்டரும் சொன்னாரு. எங்களுக்கே தெரியாது, உனக்கு எப்டி தெரியும்?" என்று கேட்டார்கள். நான் புத்தகத்தை மூடினேன். அவர்களே, "அவ வந்து சொன்னாளா?" என்றார்கள். நான் ஆங் என்றுவிட்டேன். தப்பிக்கச் சொன்ன பொய்தான் அது. ஆனால் அத்தையின் முகம் தெளிந்ததைப் பார்த்த பிறகு திருப்பி வாங்கத் தைரியம் வரவில்லை. பூஜைக்கு நான்தான் உட்கார வேண்டும், என் மேல்தான் யோகா வருவாள், அவள் வந்து சொல்லாமல் விஜிக்குக் கல்யாணம் கிடையாது என்று அத்தை பிடிவாதமாக நின்றார்கள்.

கிணற்றடியில் கரகம் ஜோடித்தார்கள். மஞ்சள் தண்ணீரில் என்னைக் குளிக்க வைத்து உட்கார வைத்தார்கள். பம்பைக்காரர் யோகலட்சுமி, யோகலட்சுமி என்று பேர் சொல்லி அழைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு ஒன்றும் வரவில்லை. கால் மரத்துப்போனது, அவ்வளவுதான். அத்தை கற்பூரத் தட்டோடு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதற்கு மேல் ஏமாற்ற முடியாது என்று தோன்றியது. நான் கல்பனாதான், காய்ச்சல் எனக்கு மூன்று நாளும் தெரியும், சொல்லாமல் விட்டேன், என்னை மன்னித்துவிடுங்கள் என்று ஊரே கேட்கக் கத்தி அழுதேன்.

பேசுவது நான்தான் என்று யாரும் நம்பவில்லை. "ஆங், கல்பனா மேல வந்துகினு கீறா" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். அத்தை என்னைக் கட்டிக்கொண்டு, "நீ சொல்லாததுக்கு நான் கோச்சுக்கல கண்ணு, அக்கா கல்யாணத்துக்குச் சரின்னு சொல்லு" என்றார்கள். நானும் தலையாட்டினேன். அத்தை அன்றைக்கு நன்றாகத் தூங்கினார்களாம். எனக்குக் கிடைக்க வேண்டிய மன்னிப்பை யோகா வாங்கிக்கொண்டாள். அது போகட்டும், எனக்குத் தகுதியில்லை.

இந்தக் கடிதம் உன் நைனாவுக்காக. அவர் கும்பலுக்குப் பின்னாலிருந்து வந்து என் காலடியில் உட்கார்ந்து, "டூருக்கு உட மாட்டேன்னு பயந்துட்டியாம்மா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் திருநீறு பூசி என்னை எழுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் தறியை ஓட்டவில்லை. தட்டில் போட்டதை அளைந்துவிட்டு எழுந்துவிடுகிறார். பெண்ணைத் தானே பயமுறுத்திக் கொன்றதாக அவர் மனதில் விழுந்துவிட்டது. டூர் போக அவராகவே பை வாங்கி வைத்திருந்த மனிதர் அக்கா அவர்.

நேற்று நேரில் சொல்லிவிடலாம் என்று போனேன். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். என்னை நாற்காலியில் உட்கார வைத்து அவர் கைகட்டி நின்றார். பத்து வருஷமாக என்னை வாடி போடி என்று கூப்பிட்டவர், "இன்னா தாயி, இன்னும் இன்னா சொல்லணும்?" என்று கேட்டார். நான் என்ன சொன்னாலும் அது யோகா சொல்வதாகத்தான் அவர் காதில் விழும்.

நீ சொன்னால் கேட்பார். கடிதம் கிடைத்த அன்றே நைனாவைக் கூப்பிடு. கல்பனாவுக்கு எல்லாம் தெரியும், அவள் வாய் திறக்காததால்தான் இப்படி ஆயிற்று, உன் மேல் தப்பில்லை என்று சொல்லு. அந்தப் பழியை அவரிடமிருந்து வாங்கி என்னிடம் கொடுத்துவிடு. அத்தை சொன்ன மன்னிப்பையும் திரும்ப எடுத்துக்கொள்ளட்டும். உன் கல்யாணத்துக்கு என்னை அழைக்க வேண்டாம். அவர் என்னைத் திட்டட்டும், வாசல் ஏறாதே என்று துரத்தட்டும், எல்லாவற்றுக்கும் நிற்கிறேன். என்னைப் பார்த்து அவர் கும்பிடுவதை மட்டும் நிறுத்திவிடு அக்கா.

நீயும் சுதாகர் மாமாவும் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் என்று தணிகை முருகனை வேண்டிக்கொள்ளும்,

கல்பனா