நீ வீசிய நேர்ப்பந்து

அன்பு நண்பா,

உன் அவோமோரித் தோட்டத்திலிருந்து நீ அனுப்பிய ஆப்பிள்கள் வந்து சேர்ந்தன. "உங்க பட்டத்தைப் பறிச்ச மனுஷன் பழத்தையாவது ஒழுங்கா அனுப்புறாரே!" என்றாள் என் மனைவி, ஒன்றைக் கடித்துக்கொண்டே.

அந்த பேஸ்பால் சீசனின் கடைசி ஆட்டத்தில் ஒரே ஒரு அடி விழுந்திருந்தால், அந்த ஆண்டின் பேட்டிங் பட்டம் எனக்கு. அடிச் சராசரியில் என்னைவிட மயிரிழை முன்னால் இருந்த உங்கள் அணியின் நிஷிவாகி, அது குறைந்துவிடுமென்று ஆடாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். உங்கள் பந்துவீச்சாளர்களோ எனக்கு எட்டாதபடி பந்தை வெளியே போட்டுப் போட்டு, மூன்று முறை என்னை முதல் தளத்துக்குச் சும்மா நடக்க வைத்தார்கள்; அப்படி நடப்பது சராசரியில் சேராது. தன் ஆளுக்குப் பட்டம் கிடைக்க எல்லா அணியும் செய்வதுதான். ஆனாலும் பிச்சை வாங்குவதுபோல இருந்தது.

நான்காம் முறை நீ பந்துவீச வந்தாய். கேட்சர் எழுந்து நின்று கத்தினார்: "வெளியே போடுடா! மேனேஜர் உன்னைத் தொலைச்சிடுவாரு!"

நீ மாட்டேன் என்று தலையசைத்துவிட்டு நேராகப் போட்டாய். மூன்று பந்துக்கும் முழு மூச்சாக மட்டையைச் சுழற்றினேன். ஒன்றுகூடப் படவில்லை. மூன்றும் தவறினால் அவுட்; பட்டம் போயிற்று.

அடுத்த ஆண்டு உன் கையில் யாரும் பந்து தரவில்லை. அதைப் பற்றி நீ எழுதியதே இல்லை. ஆப்பிளைப் பற்றித்தான் எழுதுவாய்.

நேற்று பேத்தி கேட்டாள்: "தாத்தா, நீங்க சாம்பியனா?"

"இல்லம்மா. ஆனா என்னை ஒருத்தன் நிஜமாவே அவுட்டாக்கினான்."

நன்றியுடன்,
உன் கையால் அவுட்டாகக் கொடுத்துவைத்தவன்