டப்பாவிலிருந்து உரித்த காகிதம்

மஹ்தியா,
வெள்ளிக்கிழமை, தொழுகைக்குப் பின்.

அன்பு மகள் ஹயாத்துக்கு,

உனக்கும் உன் வீட்டுக்காரருக்கும் இறைவனின் சாந்தி உண்டாகட்டும். நான் நலம். அம்மாவைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

வீட்டில் இருக்கும் டப்பாக்களையெல்லாம் படம் பிடித்து அனுப்பும்படி எழுதியிருந்தாய். அனுப்ப மாட்டேன். நான் பள்ளிக்கூடம் போகாதவன்தான். மீன் பெட்டிகளின் மேல் அச்சடித்திருந்ததைப் பார்த்தே இரண்டு மொழி படித்தேன். எழுபத்து மூன்று வயதிலும் கடுகளவு எழுத்தைக் கண்ணாடி இல்லாமல் படிக்கிறேன். டாக்டர் கொடுத்த தாள் எனக்கு மனப்பாடம். கோதுமை, பார்லி, குழம்பைக் கெட்டியாக்கப் போடும் கோதுமை மாவு, எதுவும் அம்மாவின் குடலுக்கு ஆகாது. தக்காளி விழுதோ பட்டாணியோ, பின்பக்கத்தைப் படிக்காமல் இந்த வீட்டுக்குள் வருவதில்லை. கடைக்காரன் தாஹர் நாலு பேர் முன்னால், "கமைஸ் மாமா, பொண்ணா பாக்க வந்தீங்க? டப்பாவ இப்படித் திருப்பித் திருப்பிப் பாக்குறீங்க" என்று சிரிக்கிறான். சிரிக்கட்டும்.

ஏழு மாதப் பத்தியத்துக்குப் பிறகும் அம்மா இளைத்துக்கொண்டே போகிறாள். டாக்டர் போன முறை, "எங்கிருந்தோ உள்ள போயிட்டே இருக்கு பெரியவரே, வீட்டுல நல்லா தேடுங்க" என்றார். தேடினேன். ரவ்தா கூஸ்கூஸுக்குக் கோதுமை ரவை சலித்த கையோடு அம்மாவின் சட்டியைத் தொட்டதைப் பார்த்தேன். உன் தம்பி பெண்டாட்டியாயிற்றே என்று நான் பார்க்கவில்லை. "என் கையில வெஷம் இருக்குன்னா நேரா சொல்லுங்க மாமா" என்றாள். நேராகவே சொன்னேன். அன்றே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். உன் தம்பி என்னோடு பேசுவதில்லை.

அது நடந்து இரண்டு மாதம் ஆகிறது. இப்போது வீட்டில் கோதுமை ஒரு மணி கிடையாது. சமையல் நான்தான். சோறு, வேகவைத்த கேரட், நம் தொழிற்சாலையின் டப்பா மத்தி மீன். அவளுக்குத் தொண்டையில் இறங்குவது அந்த மீன் ஒன்றுதான். முன்பெல்லாம் எப்போதாவது தொடுவாள். பத்தியம் வந்ததிலிருந்து தினமும் அதுதான். எடை முப்பத்தெட்டு கிலோ. கல்யாண மோதிரம் நிற்காமல் நூல் சுற்றிப் போட்டிருக்கிறாள்.

ஓய்வு பெற்றவர்களுக்கு மாதப் பிறப்பில் தொழிற்சாலை ஒரு பெட்டி மத்தி கொடுக்கும், உனக்குத் தெரியும். அதன் குழம்பை முப்பத்தொரு வருஷம் காய்ச்சியவன் நான். தக்காளி, ஹரீஸா மிளகாய் விழுது, எண்ணெய், உப்பு. நாலு மணி நேரம் கொதித்து அது தானாகவே சுண்டும். மூன்று வருஷத்துக்கு முன் முதலாளி மாறினார். டப்பாவின் மேல் படகுப் படம் மாறவில்லை. அந்த டப்பாவை மட்டும் நான் திருப்பிப் பார்த்ததில்லை. சொந்தப் பிள்ளையின் பெயரை யாராவது அடையாள அட்டையில் பார்த்தா தெரிந்துகொள்வார்கள்?

நேற்று மதியம் அம்மா இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளினாள். அதை எடுத்து, மிச்சத்தைப் பூனைக்குப் போடச் சாய்த்தேன். குழம்பு ஓடவில்லை, பசை மாதிரி நின்றது. நாங்கள் காய்ச்சியதில் எண்ணெய் சிவப்பாகப் பிரிந்து மேலே வரும். இதில் பிரியவில்லை. ஏழு மாதமும் அப்படித்தான் நின்றிருக்கிறது. நன்றாகக் காய்ச்சியிருக்கிறார்கள் என்று நினைத்து அவளுக்கு இன்னொரு கரண்டி போட்டிருக்கிறேன்.

நான் அப்படியே நிற்பதைப் பார்த்து அம்மா சொன்னாள்: "ஊர்ல இருக்குற டப்பாவெல்லாம் படிச்சிட்ட. என் மூஞ்சிய மட்டும் நீ படிக்கவே இல்ல கமைஸு." கோபமாகச் சொல்லவில்லை. கோபப்படத் தெம்பில்லை.

டப்பாவை வெந்நீரில் ஊறவைத்து மேல்காகிதத்தை உரித்தேன். காயவைத்து இதோடு வைத்திருக்கிறேன். படகுக்குக் கீழே மூன்றாவது வரி. கொஞ்ச நாளாக எனக்குப் பொடி எழுத்து சரியாகத் தெரிவதில்லை. நீ படித்துப் பார். போனில் சொல்ல வேண்டாம், நேரில் வந்து சொல். திங்கட்கிழமை அம்மாவை சூஸா ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லிவிட்டார்கள். அதற்குள் வர முடிந்தால் நல்லது.

வரும் வழியில் ரவ்தாவின் தாய்வீட்டுக்குப் போ. அவளுடைய சட்டிகள் அவள் வைத்த இடத்திலேயே இருக்கின்றன என்று சொல். வேறு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் அதையும் நீயே சொல்லிவிடு.

இறைவன் உன் பயணத்தைச் சுருக்கித் தரட்டும். உன் அம்மாவுக்கு ஆயுளை நீட்டித் தரட்டும்.

உன் அப்பா,
கமைஸ்