டிக்கெட் கிடைத்தால் வருவேன்

அன்புள்ள அம்மா,

நீயும் அப்பாவும் சௌக்கியமா? அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன். கணக்குதான் தலையைச் சுற்றவைக்கிறது. ஒரு வாக்கியம் உண்மையா பொய்யா என்று பார்ப்பதும் கம்ப்யூட்டர் படிப்பில் கணக்காம்.

நேற்று வாத்தியார், "இது நடந்தா அது நடக்கும்னு ஒரு வாக்கியம் சொல்லும்மா" என்றார். உன்னிடம் போனில் சொன்னதே வாயில் வந்தது.

"டிக்கெட் கிடைச்சா லீவுக்கு வீட்டுக்குப் போவேன் சார்."

"கிடைச்சுதா?"

"இல்ல சார், போகல."

"அப்போ நீ சொன்னது உண்மைதான்."

"கிடைச்சா போகமாட்டேன்னு சொல்லியிருந்தா?"

"அதுவும் உண்மைதான். டிக்கெட்டே கிடைக்கலையே!"

வகுப்பே சிரித்தது. எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. டிக்கெட் கிடைத்தும் போகாவிட்டால் மட்டும்தான் என் வாக்கியம் பொய்யாகும் என்று பலகையில் எழுதினார். அந்த ஒரு வரி மட்டும் நன்றாகப் புரிந்தது, அம்மா.

டிக்கெட் கிடைத்தது. நான்தான் ரத்து செய்தேன். இதே கணக்கில் பெயிலாகிவிட்டு எந்த முகத்தோடு வருவதென்று தெரியாமல், ஆளில்லாத விடுதியில் பத்து நாளும் படுத்தே கிடந்தேன். வாத்தியாரிடமும் பொய், உன்னிடமும் பொய். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்னும் குழப்பமாகவே இருக்கிறது.

வெள்ளிக்கிழமை மறுதேர்வு. பார்சல் அனுப்பினால் ஒரு போர்வை வை. புதுசு வேண்டாம், நீ போர்த்திக்கொள்வதே போதும்.

மணி அடித்துவிட்டது, வகுப்புக்கு ஓடுகிறேன். அப்பாவிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு.

உன் மூத்தவள்