அப்பா எழுதின நாலு தாள்

அஹிஹிக், மெக்சிகோ, அக்டோபர் 9

அன்பு கிர்ஸ்டன் கண்ணுக்கு, அம்மா எழுதறது. நீயும் பிள்ளைகளும் அந்த ரெஜைனாக் குளிர்லயும் நல்லபடியா இருக்கீங்கன்னு நம்பறேன். இங்க நான் சௌக்கியம். உங்கப்பாவும் சௌக்கியம்னு வழக்கம்போல எழுதியிருப்பேன், ஆனா போன வாரத்துல இருந்து அவர் விஷயத்துல அந்த வார்த்தையை யோசிச்சுத்தான் போட வேண்டியிருக்கு. பதறாதே, இப்ப தேவலை, உக்காந்து நிதானமா படி. போன்ல சொன்னா நடுவுல கேள்வி கேட்டே என்னைக் குழப்பிடுவே, அதான் கடுதாசி.

ஈஸ்டருக்கு வந்தப்ப நீ போட்ட கண்டிஷன் ஞாபகம் இருக்கில்ல. எழுபது முடியறதுக்குள்ள அப்பாவுக்கு இன்சூரன்ஸ் எடுக்கணும், இல்லேன்னா ஏரி, வீடு, தோட்டம் எல்லாத்தையும் விட்டுட்டு உன் வீட்டு பேஸ்மென்ட்டுக்கு வந்துடணும்னு. நவம்பர் பதினாலு அவர் பொறந்த நாள், அதுக்கப்புறம் இங்க உள்ள இன்சூரன்ஸ் கம்பெனி புதுசா சேர்க்காது. கனடா சுகாதார அட்டையோ நாங்க இங்கயே தங்கினதோட செல்லாம போச்சு. உன் பேஸ்மென்ட் மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல, ஆனா அதோட ஜன்னல்ல பனியும் உன் கார் டயரும்தான் தெரியும். அதனால உங்கப்பாவை இழுத்துக்கிட்டு இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஒஃபேலியாகிட்ட போனேன். மூணு திட்டம் காட்டினா. உலகம் முழுக்க செல்றது ஒண்ணு, அமெரிக்காவை மட்டும் விட்டுட்டு மத்த எல்லா நாட்டுலயும் செல்றது ஒண்ணு, மெக்சிகோவுக்குள்ள மட்டும் செல்றது ஒண்ணு. முதல் திட்டத்தோட பிரீமியம் நம்ம வருஷ வாடகையை விட ஜாஸ்தி, அதைக் கேட்டதும் உங்கப்பா தொப்பியைக் கழட்டி மடியில வெச்சுக்கிட்டார். அமெரிக்காவை எடுத்துட்டா பாதியா குறையும்னா. உடனே இவர், சரிம்மா, கனடாவுல பொண்ணைப் பார்க்கப் போற வழியில டென்வர்ல விமானம் மாறறப்ப நான் விழுந்துட்டா என்ன பண்றதுன்னு கேட்டார். அவ சிரிக்காம, கொஞ்சம் பொறுத்துக்கிட்டு கனடாவுல போய் விழுங்க டான் நார்பெர்த்தோன்னா, உங்கப்பா பேரை அவ ஸ்பானிஷ்ல அப்படித்தான் மரியாதையா கூப்பிடுவா. கடைசியில அந்த ரெண்டாவதையே எடுக்கறதுன்னு முடிவாச்சு.

அப்புறம்தான் ஃபாரம் வந்துச்சு. இதுவரைக்கும் வந்த நோய்களை எழுதவும்னு போட்டு மூணு வரி இடம் விட்டிருந்தான். பக்கத்து வீட்டு டெக்சாஸ்காரர் டுவெய்ன், ஒண்ணுமில்லன்னு ஒரே கோடு போடுய்யா, நானெல்லாம் ஜலதோஷம்கூட வராத ஆளுன்னுதான் எழுதியிருக்கேன்னு யோசனை சொன்னார். யார்கிட்ட சொல்றார் பாரு. முப்பத்தெட்டு வருஷம் தானியத் தரம் பார்க்கற வேலையில கோதுமை லாரிக்குள்ள கையை விட்டு, கல்லு எத்தனை, களை விதை எத்தனை, ஈரம் எவ்வளவுன்னு எழுதின மனுஷன். தன்னையும் அப்படியே தரம் பிரிச்சு எழுத உக்காந்துட்டார். ரெண்டு நாள். நாலு தாள் தனியா இணைச்சார். காட்டுங்கன்னு நான் கேட்டதுக்கு, இது எனக்கும் கம்பெனிக்கும் உள்ள விஷயம்னு கையால மூடிக்கிட்டார்.

பத்து நாள்ல பதில் வந்துச்சு. சேர்த்துக்கறோம், ஆனா இதுக்கெல்லாம் பணம் தர மாட்டோம்னு ஒரு பட்டியல். இடது முழங்கால். அதோட பாரத்தைத் தாங்கறதால வலது முழங்கால். முதுகு. ரெண்டு காது. பனிக்கட்டி மேல தள்ளி விளையாடற கர்லிங் கல்லு விழுந்த கட்டைவிரல். எடுத்துப் போட்டே பத்து வருஷம் ஆன பித்தப்பைக்கும் தர மாட்டாங்களாம். நான் ஒஃபேலியா மேஜையில தலையைக் கவுத்துக்கிட்டுச் சிரிச்சேன். கடைசி வரியில இதயம், இரத்தக் குழாய்கள்னு இருந்துச்சு. சிரிப்பு நின்னு போச்சு. மத்ததெல்லாம் எனக்குத் தெரிஞ்ச சரக்கு, இது எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டேன். உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேனே செனோரான்னு அவ நாலாவது தாளைத் திருப்பி வெச்சா. உங்கப்பாவோட குண்டு குண்டு எழுத்து. மார்ச் 3, ஜூன் 19, ஆகஸ்ட் 30, மேட்டுத் தெரு ஏறும்போது நெஞ்சை அழுத்தும் வலி, நின்றால் சரியாகிவிடும், மனைவிக்குத் தெரியாது, தெரிந்தால் ஊருக்குத் திரும்பலாம் என்பாள்.

பார்த்துக்கோ. நாப்பத்தஞ்சு வருஷம் கூட வாழ்ந்தவகிட்ட சொல்லல, முகம் தெரியாத கம்பெனிக்கு தேதி போட்டு எழுதியிருக்கார். கோபத்துல எனக்கு அழுகை வந்துச்சு. அன்னிக்கே குவாதலஹாரா பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கிட்டுப் போனேன், வழியெல்லாம் வெறும் வாயுத் தொல்லைன்னார். இதயத்துக்குப் போற ஒரு குழாய் கிட்டத்தட்ட அடைச்சிருந்துச்சு. செவ்வாய்க்கிழமை ஸ்டென்ட் வெச்சாங்க. கிறிஸ்துமஸ் வரைக்கும் விட்டிருந்தா சொல்றதுக்கில்லைன்னு டாக்டர் சொன்னார். இன்சூரன்ஸ் ஒரு காசு தராது, ஆஸ்பத்திரிச் செலவுக்காக நம்ம கேம்பர் வண்டியை வித்தோம், டுவெய்ன் வாங்கிக்கிட்டார். கண் முழிச்சதும், இப்ப ஊருக்குப் போகலாம்னு சொல்லுவியே ஆர்டிஸ்னு கேட்டார். போக வேண்டாம், இனிமே மேட்டுத் தெருவுல நானும் கூட வருவேன்னேன். மிச்சத்துக்கு பாலிசி எடுத்தாச்சு, கழுத்தும் ரெண்டு முழங்கையும் பத்திரமா இருக்கு. உன் கண்டிஷன் நிறைவேறிடுச்சு.

நீயும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாம நீண்ட நாள் இருக்கணும், அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். ஒண்ணே ஒண்ணு மறக்காதே. நீ அவர் பொண்ணு. ஈஸ்டருக்கு அடுப்படியில விலாவைப் பிடிச்சுக்கிட்டு நின்னே, கேட்டா ஒண்ணுமில்லன்னே. ஒஃபேலியாகிட்ட ஒரு வெத்து ஃபாரம் வாங்கி இதோட வெச்சிருக்கேன், நிரப்பி எனக்கு அனுப்பு, எத்தனை தாள் வேணும்னாலும் இணைச்சுக்கோ. நானும் எனக்கு ஒண்ணு நிரப்பினேன். மாடிப்படியில ரெண்டு தரம் தலை சுத்தி உக்காந்ததை அதுல எழுதிட்டு, இன்னிக்குக் காலைலதான் உங்கப்பாகிட்ட சொன்னேன். அவர் பேனாவை எடுத்துக்கிட்டு, என்னென்ன தேதின்னு கேட்டார்.

உன் அம்மா,
ஆர்டிஸ்