கேபின் விளக்கு

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

நீ போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் ஒரு "ம்", ஒரு "சரிக்கா", அத்தோடு முடிந்தது. அதனால்தான் கடிதம். தபால்காரரிடம் உன் பாச்சா பலிக்காது. கதவைத் தட்டிக் கையில் திணித்துவிட்டுத்தான் போவார்.

உன் உரிமத்தைப் பிடித்து வைத்து இன்றோடு முப்பத்தெட்டு நாள். இழுவைப்படகு ஓட்டியவன் அறைக்குள் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று நினைத்தாலே எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். குறுக்கே பேசாமல் கேள்.

நீ மோதிய சரக்குப் படகின் பின்விளக்கு உன் கண்ணில் படவில்லை என்று நீ விசாரணைக் குழுவிடம் சொல்லியிருக்கிறாய். விளக்கு எரிந்தது என்கிறார் படகுக்காரர். உன்னை எனக்குத் தெரியும், நீ பொய் சொல்கிறவன் இல்லை. அவர் அடுக்கியிருந்த பெட்டிகள்தான் விளக்கை மறைத்திருக்க வேண்டும். இதை வாயால் சொன்னால் யார் கேட்பார்கள்? செய்து காட்டப் போகிறேன். இரண்டு படகையும் ஐம்பதில் ஒரு பங்கு அளவில் கட்டி, பெயின்ட் அடித்து, விளக்குப் போட்டு, ஏப்ரல் 16 விசாரணையில் அவர்கள் மேசைமேல் வைக்கப் போகிறேன்.

இத்தனை வருடமாக நாம் கட்டிய பொம்மைக் காட்சிகளில் பெயின்ட் என் பங்கு, விளக்குப் போடுவதும் சின்ன ஆட்களுக்குக் கண் வரைவதும் உன் பங்கு. இந்த முறை எல்லாம் நானே. பகல் முழுக்க யாரோ ஒருவருடைய செயற்கைப் பல்லுக்கு நிறம் சேர்க்கிறவளுக்கு ஒரு படகுக்கு நிறம் சேர்க்கத் தெரியாதா?

உன் படகின் அளவுகளை அனுப்பு. முக்கியமாக, நாற்காலியில் நீ உட்கார்ந்தால் தரையிலிருந்து உன் கண் எத்தனை உயரம் என்று அளந்து எழுது. உன் அத்தானைக் கொண்டு அளக்கலாம் என்றால் அவர் உன்னைவிட ஒரு சாண் குட்டை.

அன்புடன்,
அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் வந்தது. நீ சொன்னபடி தபால்காரர் கதவை உடைக்காத குறைதான்.

அக்கா, இது வேண்டாம். பொம்மைப் படகைப் பார்த்து யாராவது தீர்ப்புச் சொல்வார்களா? குழுவில் மூன்று பேர், மூன்று பேரும் கப்பலில் நரைத்தவர்கள். சிரிப்பார்கள். துறைமுகத்தில் எல்லாரும் என் பக்கம்தான் பேசுகிறார்கள். "அந்த ஆள் விளக்கே போட்டிருக்க மாட்டான்"னு டீக்கடையில் வைத்தே சொல்கிறார்கள். இழுத்துக்கொண்டே போய் ஒருநாள் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். நீ இதில் தலையிட்டு உன் தூக்கத்தையும் கெடுத்துக்கொள்ளாதே.

அளவுகளை அனுப்பாவிட்டால் நீயே டேப்போடு வந்து படகில் ஏறி நிற்பாய். அந்தக் கூத்துக்குப் பயந்து பின்பக்கம் எழுதியிருக்கிறேன். கண் உயரம் ஒரு மீட்டர் முப்பத்தொரு சென்டிமீட்டர்.

அத்தானைக் கேட்டதாகச் சொல். நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

உன் தம்பி


மார்ச் 24

என் அருமைத் தம்பிக்கு,

சாப்பிடுகிறேன் என்று நீயாகச் சொன்னால் சாப்பிடவில்லை என்று அர்த்தம். இருக்கட்டும், நேரில் வந்து பேசிக்கொள்கிறேன்.

வேலை முக்கால்வாசி முடிந்துவிட்டது. சரக்குப் படகு சுலபம். பழைய மரம்போலத் தெரிய முதலில் மங்கலான பழுப்பு, அதன்மேல் நீர்க்கக் கரைத்த கறுப்பை ஓடவிட்டுத் துடைத்தேன். இடுக்குகளில் மட்டும் கறுப்பு தங்கி, பார்க்க அச்சு அசல். விசாரணைக் குழுவின் படத்தைப் பார்த்துப் பெட்டிகளை ஒவ்வொன்றாக எண்ணி அடுக்கியிருக்கிறேன். பின்விளக்குக்கு அரிசி அளவில் ஒரு பல்பு. அது முழுசாக எரிந்தால் கலங்கரை விளக்கம் மாதிரி இருக்கிறது. எண்ணெய் விளக்கின் அளவுக்கு மங்கும்வரை ரெசிஸ்டரை மாற்றி மாற்றிப் பார்த்தேன். நமக்குச் சாதகமாக ஒரு இழைகூடக் குறைக்கவில்லை. நாளைக்கு யாரும் என்னைப் பார்த்து விரல் நீட்டக் கூடாது.

உன் படகில்தான் மூக்கறுபட்டேன். கேபினை ஒட்டி முடித்து விளக்கைப் போட்டால் ஜன்னல் மட்டுமா எரிகிறது, சுவரே எரிகிறது! பிளாஸ்டிக் வழியாக வெளிச்சம் கசிந்து, கேபின் முழுக்கக் காகிதக் கூண்டு விளக்கு மாதிரி ஜொலித்தது. ஒட்டுவதற்கு முன்னால் உள்பக்கம் கறுப்பு அடிக்கணும்னு நீ நூறு தரம் கத்தியிருக்கிறாய். நான்தான் அதை உன் வேலை என்று காதில் வாங்கவில்லை. பிளேடால் மறுபடி பிரித்து, உள்ளே இரண்டு பூச்சு கறுப்பு, அதன்மேல் வெள்ளி அடித்துத் திரும்ப ஒட்டினேன். மூன்று நாள் தண்டம். உன் அத்தான் வாசனை தாங்காமல் "இது வீடா, பட்டறையா?" என்று ஒரு பாட்டம் கத்திவிட்டு அவரே ஜன்னலைத் திறந்து வைத்தார்.

ஆமாம், கேபினுக்குள் விளக்குப் போட்டிருக்கிறேன். ஓட்டும்போது அங்கே விளக்கு எரியாது என்று எனக்கும் தெரியும். ஆனால் கேபின் என்று ஒன்று இருந்தால் அதற்குள் ஒரு விளக்குப் போடாமல் நாம் என்றைக்கு விட்டிருக்கிறோம்? கை தானாகப் போட்டுவிட்டது. தனி சுவிட்சுதான், அணைத்து வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த வாரம் சோதனை. மனதைத் தளரவிடாதே.

அன்புடன்,
அக்கா


மார்ச் 29

அக்கா,

கேபின் விளக்கைப் பிடுங்கி எறி. தனி சுவிட்சு என்று சாக்குச் சொல்லாதே. ஓட்டுகிற நேரத்தில் எந்தக் கேப்டனும் கேபினில் விளக்குப் போடமாட்டான். கற்றுக்குட்டிக்குக்கூடத் தெரியும். அதை அந்த மூன்று பேர் முன்னால் கொண்டுபோய் வைத்தால் என் மானம்தான் போகும்.

வயரை வெட்டிவிட்டு எனக்கு எழுது.

தம்பி


ஏப்ரல் 3

தம்பிக்கு,

"அன்புள்ள" என்றுகூட எழுதாமல் நீ எனக்கு அனுப்பிய முதல் கடிதம் அது. அதை இரண்டு தரம் படித்துவிட்டு வயரை வெட்டத்தான் கத்தரியை எடுத்தேன். வெட்டவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

குளியலறை ஜன்னலை அட்டையால் மூடி, அந்திக் கருக்கல் அளவுக்கு மட்டும் வெளிச்சம் வரும்படி ஒரு கீறல் விட்டேன். உன் அத்தான் துண்டோடு வெளியே ஒரு மணி நேரம் நின்றார், பாவம். குழுவின் படத்தில் குறித்திருக்கிற, படகுகள் நெருங்கிவந்த ஏழு நிலைகளிலும் படகுகளை மாற்றி மாற்றி வைத்தேன். உன் கேபினின் பின்சுவரில் ஒரு மீட்டர் முப்பத்தொன்றுக்குச் சரியாக ஒரு துளை போட்டிருந்தேன். அதில் கண்ணை வைத்துப் பார்த்தேன்.

தெரிகிறது. ஏழு நிலையிலும் தெரிகிறது. பெட்டிகளுக்கு மேலே, எங்கேயும் மறையாமல், ஒரு மஞ்சள் புள்ளி. பல்பை இன்னும் மங்கவைத்தேன், அப்போதும் தெரிகிறது. உன் அத்தானைக் கூப்பிட்டு, எதுவும் சொல்லாமல் பார்க்கச் சொன்னேன். "முன்னாடி ஏதோ லைட்டு எரியுதே, அதைத்தான் கேக்குறியா?" என்றார்.

என் கணக்குப் பொய்த்துவிட்டது. பிறகு உன் கடிதம் ஞாபகம் வந்தது. கேபின் விளக்கைப் போட்டுவிட்டுத் துளையில் பார்த்தேன்.

ஒன்றுமே இல்லை. ஜன்னல் கண்ணாடி முழுக்கக் கேபின்தான் தெரிந்தது. நான் பெயின்ட் அடித்த சுவர், நாற்காலி, சுக்கான். வெளியே படகு இருந்த இடத்தில் எதுவும் இல்லை.

ஒரே ஒரு கேள்வி. சுற்றி வளைக்காமல் பதில் எழுது. அன்றைக்குக் கேபினில் விளக்கு எரிந்ததா?

அக்கா


ஏப்ரல் 8

அன்புள்ள அக்காவுக்கு,

எரிந்தது.

நான்கு நாளாக இதற்குமேல் எழுத வரவில்லை. இப்போது எழுதிவிடுகிறேன்.

போட்டிக்கு நீ கட்டிய ரயில் நிலையக் காட்சிக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை கெடு. நடைமேடையில் நிற்கிற ஆட்களில் ஆறு பேருக்கு நான் கண் வரையவில்லை. மோதிய அன்று காலையிலும் மத்தியானமும் நீ போன் செய்தாய். "கண்ணு வரைஞ்சாச்சாடா?" என்று கேட்டாய். அவர்களை டிபன் பாக்ஸில் வைத்துக் கையோடு படகுக்குக் கொண்டுபோயிருந்தேன். திரும்பி வரும்போது கால்வாய் நேராகத்தான் போகும், குறுக்கே யாரும் இல்லை. இயந்திரக்காரர் கீழே இருந்தார். இரண்டு நிமிடம் என்று விளக்கைப் போட்டேன். ஒரு ஆளுக்கு வலது கண் வைத்தேன். இடது கண்ணுக்குப் பிரஷை வைக்கும்போது மோதிவிட்டது. தலையைத் தூக்கினால் கண்ணாடியில் என் முகம்தான் தெரிந்தது. படகுக்காரர் தண்ணீருக்குள்ளிருந்து கத்துவது மட்டும் கேட்டது.

விளக்கு தெரியவில்லை என்று நான் சொன்னது பொய் இல்லை, அக்கா. ஏன் தெரியவில்லை என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

உன்னிடம் சொல்லாததற்குப் பாதிக் காரணம் நீதான். அந்தக் காட்சிக்கு உனக்கு முதல் பரிசு கிடைத்தது. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நீ எடுத்த போட்டோவைப் பார்த்த பிறகு எப்படிச் சொல்வேன்?

உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். அந்தப் படகுகளை எடுத்து வராதே. நீ வராவிட்டால் விளக்கு எரியவில்லை என்றே முடித்துவிடுவார்கள். எனக்கு உரிமம் கிடைத்துவிடும். இந்த வேலையை விட்டால் எனக்கு வேறு எதுவும் தெரியாது. படகுக்காரரின் வைத்தியத்துக்கு நான் கடைசிவரை உதவுவேன், சத்தியமாக.

உன் தம்பி


ஏப்ரல் 11

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் கோப்பையை அலமாரியிலிருந்து எடுத்துக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். பிறகு அழுதேன். அதன் பிறகு லீவு சொல்லிவிட்டுப் பஸ் ஏறி, உன் ஊருக்கு வந்தேன். உன்னைப் பார்க்க வரவில்லை. விசாரித்துக்கொண்டு படகுக்காரர் வீட்டுக்குப் போனேன்.

யார் நீ என்று கேட்டார். உன் அக்கா என்று சொன்னேன். விரட்டுவார் என்று நினைத்தேன், நாற்காலி போட்டார். இடது தோள் கட்டோடு இருக்கிறது, கை மேலே எழும்பவில்லை. கொஞ்ச நேரம் ஏதேதோ பேசிவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "ஏம்மா, என் விளக்கு எரிஞ்சுதா? நான்தான் ஏத்தினேன். ஆனா எல்லாரும் எரியல எரியலன்னே சொல்றாங்களா, இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. மறந்துட்டேனோ என்னவோ."

தம்பி, தோளை ஒடித்தது விபத்து. இதை விபத்து என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"எரிஞ்சுதுங்க. நான் பார்த்தேன்" என்று சொல்லிவிட்டேன். பொம்மைப் படகில் பார்த்தேன் என்று அப்புறம் விளக்கினேன். அவருக்குப் புரிந்ததா, என்னைப் பைத்தியம் என்று நினைத்தாரா தெரியாது.

நீ சொன்ன பாதிக் காரணத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். பரிசுக்காக உன்னை விரட்டியவள் நான்தான், அதைக் குழுவிடமும் சொல்வேன். ஆனால் அந்த விளக்கைப் போட்ட கை உன்னுடையது. அதை நான் எடுத்துக்கொள்ள முடியாது.

16ஆம் தேதி காலை பத்து மணிக்குப் படகுகளோடு அங்கே இருப்பேன். கேபின் விளக்கைப் போட்டும் காட்டுவேன், அணைத்தும் காட்டுவேன். அதற்கு முன்னால் நீயே சொல்லிவிட்டால் உன் பக்கத்து நாற்காலியில் உட்காருவேன். சொல்லாவிட்டால் எதிர்ப்பக்கம் உட்காருவேன். இதில் எனக்கு மனமாற்றம் இல்லை, கெஞ்சி எழுதாதே.

உரிமம் போனால் போகட்டும். வேறு வேலை கிடைக்கிறவரை எங்கள் வீட்டில் இரு. உன் அத்தானிடம் கேட்டுவிட்டேன். "இதையெல்லாம் எதுக்கு எங்கிட்ட கேக்குற? வரச்சொல்லு" என்றார்.

மாறாத அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 14

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் நீ கிளம்பியிருக்கலாம். இருந்தாலும் எழுதுகிறேன்.

நேற்று அலுவலகத்துக்குப் போய், கேபின் விளக்கு, பிரஷ், டிபன் பாக்ஸ் எல்லாவற்றையும் என் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வாங்கிய அதிகாரி என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "நல்லா யோசிச்சுத்தான் எழுதுனீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். உரிமம் இனி கிடைக்காது. அதற்கு மேலும் இருக்கும் என்கிறார்கள், இருக்கட்டும்.

அங்கிருந்து நேராகப் படகுக்காரர் வீட்டுக்குப் போனேன். தெருமுனைவரை போய் இரண்டு தரம் திரும்பி வந்தேன் என்பதை உன்னிடம் மறைக்கவில்லை. கதவை அவரே திறந்தார். சொல்வதற்கு வழியெல்லாம் என்னென்னவோ சேர்த்து வைத்திருந்தேன். "உங்க விளக்கு எரிஞ்சுதுங்க. நான்தான் வெளியே பாக்கல" என்று மட்டும் சொன்னேன்.

அவர் என்னைத் திட்டவில்லை, அக்கா. அடித்திருந்தால்கூட வாங்கியிருப்பேன். என்னை வாசலிலேயே விட்டுவிட்டு, உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். "ஏய், இங்க வா! நான் ஏத்தித்தான் இருக்கேன்! இவரே சொல்றாரு!"

உன் தம்பி