அப்பாவின் கட்டியைப் பார்த்தவன்

மார்ச் 4

என் செல்ல மண்டைக்கு,

நலம்தானே? போனில் பேசினால் நீ ‘ம்’ கொட்டிக்கொண்டே மைக்ராஸ்கோப்பைப் பார்ப்பாய். கடிதத்தையாவது முழுசாகப் படிப்பாய் என்றுதான் எழுதுகிறேன்.

சங்கதி இதுதான். கொஞ்ச நாளாக மலத்தில் ரத்தம் வருகிறது. “அந்த சீட்ல உக்காந்து பஸ் ஓட்டினா யாருக்குத்தான் மூலம் வராது?” என்று கண்டக்டர் அண்ணன் கேலி செய்கிறார். எனக்கோ அப்பா ஞாபகம்தான் வருகிறது. அவரைக் கொண்டுபோன குடல் புற்றுநோய் எனக்கும் வருமா? உன் ஆராய்ச்சியே அதுதானே. லீவு போட்டுக் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கட்டுமா, வேண்டாமா? நீ சொன்னால் சரி.

உன் அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

பயப்படாதே. அப்பாவின் கட்டியைக் கேட்டு வாங்கி நானே ஆய்வகத்தில் பார்த்திருக்கிறேன்.

குடலின் உட்சுவர் தினமும் உதிர்ந்து தினமும் வளர்வது. அப்படிச் செல்கள் பெருகும்போது விழும் பிழைகளைத் திருத்த ஒரு மரபணு உண்டு. சிலருக்கு அது பிறவியிலேயே கெட்டிருக்கும். அதுதான் பிள்ளைகளுக்கும் இறங்கும். அப்பாவுக்கு அது கெடவில்லை. அதன் தலைமாட்டில் ஒரு வேதிப்பொருள் ஒட்டிக்கொண்டு அதன் வாயை அடைத்துவிட்டது, அவ்வளவுதான். வயதாக ஆக நடக்கிற விஷயம். நமக்கு இறங்காது. அதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா?

குழாயெல்லாம் வேண்டாம். தண்ணீர் நிறையக் குடி. மூலத்துக்கு மருந்து வாங்கிப் போடு.

உன் மண்டை


நவம்பர் 27

தம்பிக்கு,

ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன். போன வாரம் வண்டி ஓட்டும்போதே வயிறு பானையாக உப்பி, வலியில் கண் இருட்டிவிட்டது. எப்படியோ ஓரம் கட்டினேன். கண்டக்டர் அண்ணன்தான் கொண்டுவந்து சேர்த்தார். கட்டி குடலை அடைத்திருந்தது. வெட்டி எடுத்து, மலம் போக வயிற்றில் பை வைத்திருக்கிறார்கள். ஈரலுக்கும் பரவிவிட்டதாம்.

“ரத்தம் வந்தும் இத்தனை நாள் என்னம்மா பண்ணினீங்க?” என்று டாக்டர் கேட்டார். நீ சொன்னதைச் சொன்னேன். “அப்பாவுக்கு இருந்திருக்கு, உங்களுக்கு ரத்தம் வருது. அப்புறம் யோசிக்க என்ன இருக்கு?” என்றார்.

எனக்கு ஆத்திரமாக வருகிறது. உன்மேலா, என்மேலா என்றுதான் தெரியவில்லை. நீ ஒருதரம் வந்துவிட்டுப் போ.

அக்கா


டிசம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

படித்து நொறுங்கிவிட்டேன். ஆனால் அப்பாவின் கட்டியைப் பற்றி நான் சொன்னதில் பிழை இல்லை. மறுபடி பார்த்தேன், அதே மரபணு, அதே அடைப்பு. அரிதாகச் சில குடும்பங்களில் அந்த அடைப்பே அடுத்த தலைமுறையிலும் தென்படுவதுண்டு. நம் வீடு அப்படியா என்று பார்த்தாக வேண்டும். உன் கட்டியில் ஒரு துண்டை எங்களுக்கு அனுப்ப நீ சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். தாமதித்தால் ஆஸ்பத்திரியில் அதை எங்கேயாவது தூக்கிப் போட்டுவிடுவார்கள். இது பலருக்கு உதவும் அக்கா.

இங்கே வேலை கழுத்தை நெரிக்கிறது. பிப்ரவரியில் வரப் பார்க்கிறேன்.

உன் மண்டை


ஜனவரி 2

தம்பிக்கு,

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். துண்டு உனக்கு வந்து சேரும். நன்றாகப் பார்.

உன் கடிதத்தை மகளை வாசிக்கச் சொன்னேன். எனக்கு வலிக்கிறதா என்று எங்கேயாவது கேட்டிருக்கிறாயா என்று தேடச் சொன்னேன். பாவம், தேடினாள்.

இது அவளுக்கும் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க இங்கேயே ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறோம். “மாமாகிட்ட ஒரு வார்த்தை கேக்கலாமாம்மா?” என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரிக்கு நான் இருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். இருந்தாலும் நீ வர வேண்டாம். உனக்கும் அதே அப்பாதான். யாருடைய கட்டியையும் பார்த்துக்கொண்டிராமல் முதலில் நீ போய்க் குழாய் விட்டுப் பார்த்துக்கொள்.

அக்கா